நமத்துப்போன சாம்ராஜ்யங்கள்

தீபாவளிக்கு நாள் குறித்தவருக்கும் வானிலை ஆய்வு மையத்துக்கும் பேச்சுவார்த்தையே இருந்திருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு அந்த மையம் வைத்திருக்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. தீபாவளி வருவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். சித்திரை, வைகாசி என்று அனல் பறக்கும் மாதங்கள் சும்மா கிடக்க, திரி கிள்ளி நெருப்பு வைக்க வேண்டிய பண்டிகையைக் கொண்டுபோய் ஐப்பசி அடைமழைக்குள் செருகியிருக்கிறார்கள். தான் செத்த நாளை ஊரே கொண்டாட வேண்டும் என்று நரகாசுரன் வரம் கேட்டபோது, கிருஷ்ணர் யோசிக்காமல் சரி என்றுவிட்டார். அது எந்த மாதம் என்பதை அவன் கவனித்து வைத்திருந்தான். அசுரன் அசுரன்தான்.

விளைவு, நமத்துப்போன பட்டாசு.

‘நமத்துப்போதல்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்த தமிழனுக்கு ஒரு சிலை வைக்கலாம். பட்டாசு, அப்பளம், முறுக்கு, தீக்குச்சி எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நனைவது வேறு; துணி நனையும். கெடுவது வேறு, பால் கெடும். நமத்த பொருள் பார்வைக்கு அப்படியே இருக்கும், எடுத்தால் கையில் ஈரம் ஒட்டாது, சமயத்தில் மட்டும் காலை வாரிவிடும். கூட்டணிக் கட்சி மாதிரி.

விருதுநகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆண்டுதோறும் இந்த நமத்தலுக்கு எதிரான போர் நடக்கும். சிவகாசி பக்கத்தில்தான், பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். அப்பா அங்கே போய்ப் பட்டாசு வாங்கி வருவார். ஆச்சி பழைய போர்வை ஒன்றை விரித்து, ஒரு பக்கம் வத்தல், ஒரு பக்கம் மல்லி, நடுவில் லட்சுமி வெடி என்று சமத்துவமாகக் காய வைப்பாள். மேற்கே ஒரு மேகம் தலை காட்டினால் போதும், குடும்பமே மாடிக்கு ஓடும். முதலில் வத்தலைத்தான் எடுக்க வேண்டும் என்பது ஆச்சியின் உத்தரவு. “வெடி நமத்தா ஒரு நாளு. வத்தல் நமத்தா வருசம் பூரா” என்பாள். வெடி நமத்த வருஷம் எனக்கும் தம்பிக்கும் அது ஒரு நாளாகத் தெரியவில்லை.

அப்படி ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் நான் களத்தில் இறங்கினேன். பஜாரில் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கப்பட்டது. நாலு பக்கமும் கொக்கி. “சொட்டுத் தண்ணி புகாது” என்று கடைக்கார அண்ணாச்சி சத்தியம் செய்தார். உள்ளே ஒரு செய்தித்தாளைப் போட்டு மூடி, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தலையங்கம் நனைந்துவிட்டது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டதற்கு அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: “தண்ணி புகாதுன்னுதான் சொன்னேன். தண்ணிய ஊத்தச் சொன்னேனா?”

அப்போது எனக்கு அவமானமாக இருந்தது. பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, இந்த விஷயத்தில் அவமானப்பட்டவர்கள் பட்டியலில் நவாபுகளும் ராக்கெட் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள் என்று. உலக வரலாறு என்று பள்ளியில் படித்ததெல்லாம் அரைகுறை. யார் யாரை வென்றார்கள் என்று எழுதியவர்கள், யாருடைய மூடி சரியாகப் பொருந்தியது என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

தாழி முதல் பரணி வரை

நம் முன்னோர்கள் மூடியில் கெட்டிக்காரர்கள். ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகளுக்கே மூடி உண்டு. உள்ளே இருப்பவர் நமத்துவிடக்கூடாது என்ற அக்கறையா, வெளியே வந்துவிடக்கூடாது என்ற முன்னெச்சரிக்கையா என்பதை அவரவர் மாமனாரை நினைத்து முடிவு செய்துகொள்ளலாம்.

கடல் கடந்து ரோமானியர்கள் அரிக்கமேட்டுக்கு ஒயின் கொண்டுவந்த நீண்ட ஜாடிகளின் உட்புறத்தில் கீல் பூசியிருந்தார்கள். மண் ஜாடி வியர்க்கும். கீல் பூசினால் கசியாது. வாயையும் அடைத்துப் பூசிவிடுவார்கள். குடித்தவர்களுக்குத் திராட்சையோடு கீலும் சேர்ந்தே மணந்திருக்கும். இங்கிருந்து வாங்கிப்போன மிளகு அவர்களுக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். வரலாற்று அறிஞர்கள் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நம் வீடுகளில் குதிரின் வாயை மண்ணும் சாணியும் குழைத்து மெழுகினார்கள். விதைப் பானைக்கும் அதே வைத்தியம். ஊறுகாய்ப் பரணிக்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டினார்கள். எங்கள் ஆச்சி வேடு கட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். துணியை நாலாக மடித்து, ஜாடியின் கழுத்தில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் ஒரு இழுப்பு. கவனித்தால் இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பீங்கான் கெட்டி, மேலே வைக்கும் தட்டும் கெட்டி. இரண்டு கெட்டிகளுக்கு நடுவில் மசிந்துகொடுக்கிற ஒன்று இருந்தால்தான் வாய் அடைபடும். இந்த உண்மையை மேற்கத்திய நாடுகள் காப்புரிமை எடுத்து விற்க 1858 வரை ஆயிற்று. அதற்குள் அவர்கள் உலகத்தைப் பிடித்துவிட்டார்கள். எப்படிப் பிடித்தார்கள் என்றால்...

தார்ப்பாயின் வெற்றி

முதலில் மருந்து. சாகாமல் இருக்க ஒரு மருந்து வேண்டும் என்று சீனத்து ரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்து பார்த்ததில், ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் பிறந்தது வெடிமருந்து. சாகாமைக்குத் தேடிய பொருளில் கிடைத்தது சாவு. ஆனாலும் அவர்கள் அதை ‘நெருப்பு மருந்து’ என்றே அழைத்தார்கள். சிவகாசியிலும் அதற்கு இன்றுவரை மருந்து என்றுதான் பெயர். மருந்துக் கலவை, மணி மருந்து என்று அங்கே சாதாரணமாகப் பேசுவதைக் கேட்கும் வெளியூர்க்காரர், ஆஸ்பத்திரி எங்கே என்று தேடுவார்.

இந்த மருந்துக்கு ஒரே பத்தியம், ஈரம் ஆகாது. அதிலும் உப்பில் ஜாதி உண்டு. பொட்டாசியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தை அவ்வளவாகச் சீண்டாது. சோடியம் நைட்ரேட்டோ, கல்யாண வீட்டில் பந்தியைக் கண்டவன் மாதிரி, காற்றில் இருக்கும் தண்ணீரையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ளும். பட்டாசுக்கும் துப்பாக்கிக்கும் முதல் உப்பையே தேடி அலைந்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

இப்போது 1757 ஜூன் 23. வங்காளத்தில் பிளாசி. நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் சுமார் 50,000 பேர். ராபர்ட் கிளைவிடம் சுமார் 3,000 பேர், ஒரு மாந்தோப்பு. நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஆங்கிலேயர்கள் பீரங்கி மருந்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். நவாபின் ஆட்கள் மூடவில்லை. மழை விட்டதும், நம் மருந்து நமத்ததுபோல அவர்களுடையதும் நமத்திருக்கும் என்று நம்பி நவாபின் விசுவாசமான தளபதி மீர் மதன் குதிரைப் படையோடு பாய்ந்தார். நமக்கு நடந்தது எதிராளிக்கும் நடந்திருக்கும் என்று நினைப்பது, தீபாவளியன்று பக்கத்து வீட்டைப் பார்த்து நாம் செய்யும் அதே தப்பு. எதிர்ப்பக்கத்துப் பீரங்கிகள் நன்றாகவே வெடித்தன. மீர் மதன் விழுந்தார்.

நவாபின் இன்னொரு தளபதி மீர் ஜாபர் காட்டிக்கொடுத்ததால்தான் நாடு போயிற்று என்று பாடப்புத்தகம் அவரைத் திட்டும். திட்டட்டும், தகும். ஆனால் அந்தத் தார்ப்பாய்க்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். இரண்டு நூற்றாண்டு ஆண்டார்கள், ரயில் விட்டார்கள், வரி போட்டார்கள், கோஹினூரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி, மழை வருமுன் இழுத்து மூடியது. அந்தத் தோப்பில் ஆச்சி ஒருத்தி இருந்திருந்தால் மேகத்தைப் பார்த்ததுமே கத்தியிருப்பாள்.

திறக்க முடியாத மூடி

அடுத்து நெப்போலியன் காலத்துப் பிரான்ஸ். போர்முனைக்குப் போகும் சாப்பாடு கெட்டுப்போகாமல் இருக்க வழி சொல்பவருக்குப் பரிசு என்று அரசு அறிவித்தது. மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர், ஷாம்பெயின் பாட்டிலில் உணவைப் போட்டு, தக்கையால் அடைத்து, கம்பி கட்டி, மெழுகு பூசி, வெந்நீரில் வேகவைத்தார். 1810இல் 12,000 பிராங்க் வாங்கினார். கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் வந்து சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. ஏன் கெடவில்லை என்று தெரியாமலே கெடாமல் வைத்திருந்தார் மனிதர். நம் வீட்டு ஊறுகாய்க்காரிகளின் பரம்பரை.

அதே 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் தகர டின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். ஈயம் வைத்து ஒட்டிய டின். காற்றுப் புகாது, ஈரம் புகாது, மனிதனும் புக முடியாது. டின் திறக்கும் கருவி ஒன்று காப்புரிமை பெற்றது 1858இல். நடுவில் இருந்த நாற்பத்தெட்டு வருஷமும் சிப்பாய்கள் உளியும் சுத்தியும் வைத்துப் பசியாறினார்கள். மூடுவதைப் பற்றி யோசிப்பவன் திறப்பதைப் பற்றி யோசிக்க மாட்டான். இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் எனக்கும் இது நடக்கப்போகிறது.

டின் திறப்பானுக்கு உரிமை வழங்கிய அதே 1858இல், அமெரிக்காவில் ஜான் லேண்டிஸ் மேசன் என்ற தகரக் கொல்லர் கண்ணாடி ஜாடிக்குத் திருகு மூடிக் காப்புரிமை எடுத்தார். ரப்பர் வளையம் ஒன்றும் சேர்ந்துகொள்ள, திருகத் திருக ரப்பர் நசுங்கி வாயை அடைத்தது. ஆச்சியின் துணி அங்கே ரப்பராயிற்று. ஊர் உலகமெல்லாம் மேசன் ஜாடி செய்து சம்பாதித்தது. மேசன் மட்டும் 1902இல் ஏழையாகச் செத்தார். ஊரார் ஜாடிக்கெல்லாம் மூடி போட்டவர் தன் பணப்பைக்குப் போட மறந்துவிட்டார்.

சம்பந்திகள் இருவர், மைத்துனர் மழை

தீக்குச்சி கதை தனி. 1827இல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் விற்ற உரசல் குச்சிக்குப் பின், வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்த குச்சிகள் வந்தன. எங்கே உரசினாலும் எரியும். சட்டைப்பையில் உரசினாலும் எரியும். செய்தவர்களின் தாடை எலும்பையும் தின்றது. ஸ்வீடன்காரர்கள்தான் இதற்கு ஒரு குடும்ப நியாயம் கண்டுபிடித்தார்கள். சண்டை போடும் சம்பந்திகளை ஒரே வீட்டில் வைக்காதே. பொட்டாசியம் குளோரேட்டைக் குச்சித் தலையிலும், சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டிலும் வை. உரசும்போது மட்டும் சந்திக்கட்டும். லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1855 வாக்கில் இதை வியாபாரமாக்கினார்கள்.

அந்தத் தீப்பெட்டிதான் விருதுநகர் மாவட்டத்தின் தலையெழுத்தை மாற்றியது. 1922இல் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கப் புறப்பட்டார்கள். எங்கே? கல்கத்தாவுக்கு. மருந்தை மூடாமல் ராஜ்யத்தைப் பறிகொடுத்த அதே வங்காளத்துக்கு, மருந்தைப் பெட்டியில் அடைக்கப் படிக்கப் போனார்கள். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. மறு வருஷம் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்கள். வண்ணத்தில் எரியும் தீப்பெட்டியும் செய்தார்கள்; அதற்கு ‘பெங்கால் லைட்’ என்றே பெயர். அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு மத்தாப்பு வந்தது, மத்தாப்பின் பின்னாலேயே வெடி வந்தது.

அதே 1923இல் ஒரு போட்டியும் வந்து இறங்கியது. தீக்குச்சிச் சக்கரவர்த்தி என்று பெயரெடுத்த ஸ்வீடன்காரர் ஈவார் குரூகரின் ஆட்கள் இந்தியாவில் விம்கோவைத் தொடங்கினார்கள். அவர்களிடம் இயந்திரம், முதலீடு, உலகம் பூராவும் கிளை. சிவகாசியிடம் இருந்தது வெயில்.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. குச்சியின் நுனியை மெழுகில் முக்கி, மருந்தில் முக்கி, காயவைத்து, பெட்டியில் அடைத்து, பெட்டிக்குப் பக்கமருந்து பூசி, மறுபடி காயவைத்து... தீப்பெட்டித் தொழிலில் பாதி வேலை காயவைப்பதுதான். பட்டாசிலும் அப்படியே. கம்பி மத்தாப்பைக் குழம்பில் முக்கியெடுத்துக் காயவைக்க வேண்டும், கருந்திரியைக் காயவைக்க வேண்டும், ஒட்டிய காகிதக் குழாயைக் காயவைக்க வேண்டும். மற்ற நாட்டுக்காரன் இதற்கெல்லாம் அறை கட்டிச் சூடேற்ற வேண்டும். இங்கே வாசலில் வைத்தால் போதும். அவன் மூடி தேடிக்கொண்டிருந்தபோது, இவர்கள் ஊரையே டப்பாவாக்கிவிட்டார்கள். சிவகாசிதான் உலகத்திலேயே பெரிய ஈரம் புகாத டப்பா. மேலே மூடியாக இருப்பது, மேகமில்லாத வானம்.

அந்த மூடிக்கு ஒரு விலை உண்டு. மழை பெய்யாதது முதலாளிக்கு வரம். கரிசல் காட்டுச் சம்சாரிக்குச் சாபம். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் கைவிட்ட வீடுகளிலிருந்துதான் பெண்கள் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் வந்தார்கள். இன்னொன்றையும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் நமத்த பட்டாசு வெடிக்காது, அவ்வளவுதான். ஆலையில் அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது சும்மா இருக்காது. உள்ளுக்குள் மெல்லச் சூடேறி, யாரும் உரசாமலே பற்றிக்கொள்ளக்கூடும். அதைத் தணிக்கப் போரிக் அமிலம் சேர்ப்பார்கள். அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும் என்பார்கள். அங்கே ஈரம் என்பது தீபாவளி கெடும் விஷயமல்ல, வீடு திரும்பும் விஷயம்.

கதையின் உச்சகட்ட வேடிக்கை 2018இல். தண்ணீரைக் கிட்டே விடாமல் நூறு வருஷம் காவல் காத்த ஊருக்கு, நாக்பூரின் நீரி ஆய்வகத்தார் பசுமைப் பட்டாசு கொண்டுவந்தார்கள். அதில் ‘ஸ்வாஸ்’ என்று ஒரு ரகம். வெடிக்கும்போது நீராவியை வெளியிட்டுத் தூசியை அடக்கும். தண்ணீர் விடும் பட்டாசு! ஆச்சி இருந்திருந்தால், “அதை ஏம்ப்பா காசு குடுத்து வாங்கணும், நம்ம மாடியில கிடந்ததெல்லாம் என்னவாம்?” என்று கேட்டிருப்பாள்.

ஓட்டையில் பிறந்த பிளாஸ்டிக்

சிவகாசி வானத்தை மூடியாக்கிக்கொண்டது சரி. பட்டாசு அந்த டப்பாவை விட்டு வெளியேறி, நவம்பர் மாதச் சென்னைக்குள் நுழைந்தால்? அங்கேதான் நம் கதாநாயகன் பிளாஸ்டிக் வருகிறது. அதன் பிறப்பே ஒரு குறும்பு.

1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவைப் பயங்கர அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, பாத்திரத்தில் மெழுகு மாதிரி ஏதோ படிந்தது. அதுதான் பாலித்தீன். மறுபடி செய்தால் வரவில்லை. சிலசமயம் கருவியே வெடித்தது. 1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் முயன்றபோது கருவியின் ஒரு இணைப்பில் கசிவு. போன வாயுவை ஈடுகட்டப் புது வாயு ஏற்றினார்கள். அதில் தற்செயலாகத் துளி ஆக்சிஜன் கலந்திருந்தது. பாலித்தீன் உருவாகக் கிரியாஊக்கியாக வேண்டியிருந்தது அந்தத் துளிதான். ஆக, உலகத்தின் சொட்டுத் தண்ணி புகாத டப்பாக்கள் எல்லாம், சரியாக மூடாத ஒரு மூட்டின் பேரப்பிள்ளைகள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பசிபிக் தீவு மழையில் அமெரிக்கச் சிப்பாய்களின் தீக்குச்சி நமத்தது. ரேமண்ட் கேடி என்ற வேதியியலாளர் பெட்டிக்கு மூடி தேடாமல் குச்சிக்கே சட்டை போட்டார். எட்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தாலும் எரிந்தது. 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியவர்கள் இதைவிட எளிய வழி வைத்திருந்தார்கள். துப்பாக்கிக் குழலின் வாயில் உப்புத்தண்ணீர் புகாமலிருக்க ஆணுறையை மாட்டிக்கொண்டார்கள். 1968இல் நம் அரசு ‘நிரோத்’ என்று பெயர் சூட்டி ஊரெங்கும் விளம்பரப்படுத்திய அதே சாதனம். இருபதாம் நூற்றாண்டின் மிகச்சிறந்த ஈரத்தடுப்பு அடைப்பு எது என்று என்னிடம் கேட்டால், குழந்தைகள் படிக்கும் பத்திரிகை என்று சொல்லி நழுவிவிடுவேன்.

போருக்குப் பின் எர்ல் டப்பர் வந்தார். பாலித்தீன் கழிவுக் கட்டியைச் சுத்தம் செய்து கிண்ணம் வார்த்தார். பெயின்ட் டப்பாவின் மூடியைத் தலைகீழாக யோசித்து, விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் மூடி செய்தார். மூடியின் ஓரத்தைத் தூக்கி உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று ஏப்பம் விட்டு வெளியேறும். 1949இல் காப்புரிமை. கடையில் வைத்தால் ஒரு பெண்ணும் சீந்தவில்லை, எப்படி மூடுவதென்றே புரியவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீடுவீடாகக் கூட்டம் கூட்டி, ஏப்பம் விட வைத்துக் காட்டி விற்றுக் குவித்தார். 1958இல் டப்பர் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, கம்பெனியை 1.6 கோடி டாலருக்கு விற்றார். ஏப்பம் கற்றுக்கொடுத்தவருக்குப் பந்தியில் இலை இல்லை.

சைக்கிள் டியூபும் ரீப்பர் கட்டையும்

இனி என் டப்பா. வாளித் தண்ணீர் அவமானத்துக்குப் பிறகு ஆராய்ச்சியில் இறங்கினேன்.

முதல் பாடம், இறுக்கி மூடினால் அடைபடாது. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் எவ்வளவு இறுகத் தொட்டாலும், இரண்டின் முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டு. தண்ணீருக்கு அந்தப் பள்ளம் போதும். நடுவில் மசியும் பொருள் வேண்டும். தம்பியின் சின்ன சைக்கிள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் டியூபை நீளவாக்கில், வட்டம் அறுபடாமல் நறுக்கினால், ஒட்டே இல்லாத ரப்பர் வளையம் கிடைக்கும். டப்பாவின் சுற்றளவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது. அறிவியலுக்காகத் தம்பி தியாகம் செய்தான், அவனுக்குத் தெரியாமல்.

இரண்டாம் பாடம், வளையத்தைச் சும்மா வைத்தால் வழுக்கும். அது உட்காரக் காடி வேண்டும். காடியை விட ரப்பர் கொஞ்சம் உயரமாக நிற்க வேண்டும். மூடினால் கனத்தில் ஐந்தில் ஒரு பங்காவது நசுங்க வேண்டும். நசுங்காத ரப்பர் அடைக்காது. ரொம்ப நசுங்கினால் செத்துவிடும். மூடிக்குள் ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்தது கடவுள் செயல்.

மூன்றாம் பாடம், கொக்கிக்குப் பக்கத்தில் மூடி இறுகும், இரண்டு கொக்கிக்கும் நடுவில் வில்லாக வளைந்து வாய் திறக்கும். செய்தித்தாள் நனைந்தது அந்த இடத்தில்தான். பக்கத்துத் தெரு ஆசாரியிடம் இரண்டு ரீப்பர் கட்டை கேட்டு வாங்கி, மூடியின் மேல் நீளவாக்கில் வைத்து, மிச்ச டியூபைக் கயிறாக்கிச் சுற்றிக் கட்டினேன். இப்போது வாளித் தண்ணீர். தலையங்கம் காய்ந்த சருகாக வெளியே வந்தது.

நான்காம் பாடத்தை அம்மாவின் குக்கர் சொல்லிக்கொடுத்தது. கேஸ்கட் புதிதில் குழந்தை மாதிரி துள்ளும். வருஷக்கணக்காக நசுங்கியே கிடந்தால், விட்டதும் திரும்பி எழும் ஆசையே போய், அமுங்கிய வாக்கில் கிடக்கும். அப்புறம் விசில் வராது, ஓரத்தில் கஞ்சிதான் வரும். அதே ரப்பர் குளிரிலும் துள்ளாது. 1986 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவின் உறைபனிக் காலையில் சேலஞ்சர் விண்ணோடத்தை வீழ்த்தியது அதுதான். பூஸ்டர் ராக்கெட்டின் மூட்டில் விரல்கனம்கூட இல்லாத ரப்பர் வளையம், விரிய வேண்டிய நொடியில் விரியவில்லை. ஏழு பேர் போனார்கள். விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் நசுக்கி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டினார். அது உடனே நிமிரவில்லை. அறிக்கைகள் சொல்லாததை ஒரு டம்ளர் சொன்னது. குக்கரோடு பழகிய எந்தத் தாய்க்குலத்தைக் கேட்டிருந்தாலும் கிளம்பும் முன்பே சொல்லியிருக்கும்.

ஐந்தாம் பாடத்தை நான் படிக்கவில்லை. அது தானாக வந்து படித்துக் காட்டியது.

முதல் வெடி

தீபாவளிக்கு முதல் நாள் மழை விட்டு நல்ல வெயில். உச்சி வேளை வரை பட்டாசைக் காயவைத்து, சூட்டோடு சூடாக மொட்டை மாடியிலேயே டப்பாவில் அடுக்கி, மூடி, கொக்கி மாட்டி, கட்டை வைத்துக் கட்டினேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் புலம்பல். நான் மட்டும் கிளைவ் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

விடியற்காலை நாலு மணி. எண்ணெய் வைத்துக் குளித்து, புதுச்சட்டையில் மஞ்சள் தடவி, டப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். கட்டு அவிழ்ந்தது. கொக்கி நாலும் விட்டது. மூடி வரவில்லை. அப்பா இழுத்தார். சித்தப்பா டப்பாவைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். தம்பி, தன் சைக்கிள் டியூபை அடையாளம் கண்டுகொண்டு அழத் தொடங்கினான்.

இன்றைக்குக் கணக்குப் போட்டால் காரணம் சுலபம். உள்ளே அடைபட்ட காற்று நாற்பது டிகிரிச் சூடு. ராத்திரி மழையில் அது இருபத்தைந்துக்கு இறங்கியது. காற்று குளிர்ந்தால் சுருங்கும். அழுத்தம் இருபதில் ஒரு பங்கு குறையும். முக்கால் முழ நீளமும் அதைவிடச் சற்றே குறைந்த அகலமும் உள்ள மூடியின் மேல் வெளிக்காற்று அதற்கேற்ப ஏறி உட்காரும். கணக்குப்படி ஐம்பது கிலோவுக்கு மேல். டப்பாவின் பக்கங்கள் உள்வாங்கிக் கொஞ்சம் குறைத்திருக்கும். அப்படியும் ஒரு சித்தப்பா கனம் தேறும். சாதாரண மூடியாக இருந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஈரக்காற்றை உறிஞ்சிக்கொண்டு சமாதானமாகியிருக்கும். பகலில் மூச்சு விட்டு, இரவில் மூச்சு இழுத்துத்தான் எல்லா டப்பாவுக்குள்ளும் ஈரம் சேருகிறது. என் டப்பா மூச்சே விடவில்லை. அவ்வளவு நல்ல மூடி. டியூராண்ட் என் தோளைத் தட்டுவது போலிருந்தது.

உளி, சுத்தி என்று சித்தப்பா பேசத் தொடங்கினார். பட்டாசு டப்பாவில் சுத்தியா என்று அம்மா கத்தினாள். தெருவில் வெடிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. எல்லார் வீட்டிலும் நமத்த சரத்தோடு போராட்டம். எங்கள் வீட்டில் நமக்காத சரத்தோடு.

ஆச்சி அடுப்படியிலிருந்து தோசைத் திருப்பியோடு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. பரணியில் வேடு அவிழ்ப்பதுபோல மூலையில் உட்கார்ந்து, ரப்பரின் ஓரத்தை நுனியால் ஒரு நெம்பு நெம்பினாள்.

புஸ்ஸ்ஸ்.

நீளமாக, நிதானமாக, தெருமுனை வரை கேட்கிற மாதிரி. எதிர் வீட்டு மாமா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: “பரவாயில்லையே, உங்க வீட்டுப் புஸ்வாணம் நமக்கல போலிருக்கே!”